நாலாம் வகுப்பு ‘பி’ இல்லாமல் போன விதம்

கேரளத்தின் தென்கோடியில், குளத்தூருக்குத் தெற்கே, கடலுக்கும் தமிழ்நாட்டுக்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் புன்னவிளை மிஷன் எல்.பி. பள்ளிக்கூடத்துக்கு ஜூன் மாதம் டச் போர்டு வந்தது. கட்டில் அகலத்துக்கு ஒரு கண்ணாடித் திரை. விரலால் தொட்டால் படம் ஓடும், பாட்டு வரும். வந்தது ஒன்றே ஒன்று. நாலாம் வகுப்போ இரண்டு: மலையாள மீடியம் ‘ஏ’, தமிழ் மீடியம் ‘பி’.

ஏ-யின் டீச்சர் பிரசீதா, வேலைக்கு வந்து கொஞ்ச காலமே ஆனவள். பி-யின் டீச்சர் தங்கபாய், பிரசீதா பலப்பத்தைக் கடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே இந்தப் பள்ளியில் சாக்பீஸ் பிடித்தவள். போர்டு யாருக்கு என்பதை ஹெட்மாஸ்டர் ஜெயதாஸ் சார் ஆழமாக யோசித்து முடிவெடுத்தார். ஏ வகுப்பில் பிளக் பாயிண்ட் இருந்தது.

“இதில அநீதி ஒண்ணும் இல்ல டீச்சரே,” என்றார் அவர். “கரண்டு எங்க உண்டோ அங்க போர்டு. மற்றபடி எனக்கு நீங்களும் ஒண்ணு, பிரசீதாவும் ஒண்ணு.”

“நம்ம பக்கத்திலயும் ஒரு பிளக்கு வைக்கலாமே சாறே?”

“வைக்கலாம். பின்ன, போர்டு உள்ள கிளாசுக்குத்தான் பிளக்கு அனுவதிப்பாங்க.”

இரண்டு வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஆள் உயரத்துக்கு ஒரு பலகைத் தட்டிதான். இத்தனை வருடமும் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாய்ப்பாடு மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது திமிங்கலம் கேட்டது. தங்கபாய் வகுத்தல் கணக்கில் மீதியைக் கீழே இறக்கும் நேரம் பார்த்து அது நீளமாக, அழுவதுபோல் ஒரு சத்தம் போடும்.

“திமிங்கலம் கரையுது டீச்சரே,” என்றான் ஷிஜின். கடற்கரையிலிருந்து வருகிற பையன். “அதுக்க குட்டியக் காணேல போல.”

“எலே, நீ உனக்க கணக்கப் பாரு.”

அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிவிட்டு மறுபடி திரும்பும்போது, பி வகுப்பு முழுவதும் பெஞ்சின்மேல் ஏறித் தட்டிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். வரிசையாக முதுகுகள். பிள்ளைகளை அவள் அடித்ததில்லை. அந்த முதுகுகளைப் பார்த்தபோதுதான் நெஞ்சுக்குழிக்குக் கீழே ஏதோ ஒன்று எரிந்தது. ஞாயிறு பள்ளியில் பொறாமை பாவம் என்று பாடம் எடுப்பவள் என்பதால், அதை வாயுத்தொல்லை என்று தீர்மானித்துப் பெருங்காயம் போட்ட மோர் குடித்தாள். அடங்கவில்லை. காலை ஜெபத்தில் உலக சமாதானத்துக்கு அடுத்தபடியாக மின்வெட்டு வேண்டினாள். மின்வெட்டு வந்தது. போர்டுக்கு யு.பி.எஸ். இருந்தது.

விஷயம் எரிச்சலோடு நிற்பதாக இருந்தால் மோரே போதும். கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாவது நாள் தலை எண்ணுவார்கள். தலை குறைந்தால் வகுப்பு போகும், வகுப்பு போனால் டீச்சரின் வேலையும் போகும். இந்த வருடம் பி மயிரிழையில் தப்பியது. அடுத்த வருடம் வரவேண்டியவர்கள் இப்போது மூன்றாம் வகுப்பில் இருந்தார்கள். அவர்களின் தாய்மார்களும் பெஞ்சில் ஏறாத குறையாகத் தட்டிக்கு அந்தப் பக்கம் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஷிஜினின் அம்மா பவுலா மீன் விற்றுத் திரும்பும் வழியில் பள்ளியில் நுழைந்து சொன்னாள்: “டீச்சரே, ஒண்ணும் நெனைக்கப்பிடாது. இளையவ டெல்னாவ வாற வருஷம் மலையாளத்தில சேக்கலாம்ணு பாக்கேன். அங்க டிவி உண்டுல்லா.”

“டிவி உனக்க வீட்டில இல்லியா பவுலா?”

“வீட்டில உள்ளதில சீரியலு ஆக்கும். இது படிக்கிற டிவியில்லா.”

அந்தச் சனிக்கிழமை தங்கபாய் நல்ல சேலை உடுத்து நெய்யாற்றின்கரைக்குப் பஸ் ஏறினாள். கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் மின்கற்றல் முன்னேற்ற மையம் இருந்தது. உள்ளே பிளாஸ்டிக் உறை பிரிக்காத டச் போர்டுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. இடம் போதாமல் சிலவற்றைப் படுக்கப்போட்டு, மேலே ஒரு விரிப்பை விரித்து, ஊழியர்கள் அதில் வைத்துச் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் மனு, கழுத்தில் அட்டை தொங்க, அவளை மரியாதையாக உட்காரச் சொன்னார்.

“டீச்சரின் தாகம் எனக்கு மனசிலாகிறது,” என்றார். “ஆனால் போர்டு என்பது சும்மா கொடுக்கிற சாதனம் இல்லை. வகுப்பு டிஜிட்டலாக முன்னேறியிருக்க வேண்டும். டீச்சர் வகுப்பின் டிஜிட்டல் முன்னேற்றம் எவ்வளவு?”

“போர்டு இல்லாததினால முன்னேற்றம் ஒண்ணும் இல்ல சாறே. அதுதான் கேட்டு வந்தேன்.”

“அதாவது பூஜ்யம்.” அவர் வருத்தத்தோடு தலையசைத்தார். “பூஜ்யத்துக்கு எப்படிக் கொடுப்பது? முன்னேறாத வகுப்புக்குப் போர்டு கொடுத்தால் போர்டு மனம் தளர்ந்துவிடும் என்று ஆய்வு சொல்கிறது.”

“முன்னேறணும்னா போர்டு வேணுமே.”

“சரியாகச் சொன்னீர்கள். எங்கள் மையத்தின் கொள்கையே அதுதான்,” என்று மனு எழுந்து கை குலுக்கினார். அவள் படியிறங்கிப் பஸ் ஸ்டாண்டு வந்து சேர்ந்த பிறகுதான் தனக்கு எதுவும் கிடைக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

ஆனால் ஆடி மாதத்துக் கர்க்கடக மழை விடுவதற்குள் மையத்துக்கு ஒரு சங்கடம் வந்தது. மேலிடம் அந்தத் துணைமாவட்டத்தைச் ‘சம்பூர்ண கரும்பலகை விமுக்தம்’ என்று அறிவிக்கப்போவதாகப் பத்திரிகையில் செய்தி கொடுத்துவிட்டது. அதாவது, ஓணத்துக்கு முன் ஒரு கரும்பலகை மிஞ்சக்கூடாது. முன்னேறாத வகுப்புகளும் ஒரே வாரத்தில் முன்னேறியவையாகின. டீச்சர்களுக்குப் பயிற்சி உண்டு என்று கடிதம் வந்தது.

பயிற்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. உண்மையான போர்டில் விரல் பட்டால் கீறல் விழும் என்று, போர்டு அளவுக்கு அட்டை வெட்டி வைத்திருந்தார்கள். டீச்சர்கள் வரிசையாக வந்து அட்டையைத் தொட வேண்டும். தொட்டதும் பயிற்சியாளர் வாயால் “டிங்” என்பார். தவறான இடத்தில் தொட்டால் “டொங்”. ஒற்றசேகரமங்கலத்திலிருந்து மலையிறங்கி வந்த ஒரு வயதான சார் எங்கே தொட்டாலும் டொங்தான். அவர் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தார். தங்கபாய்க்கு எல்லாம் டிங்காகவே விழுந்தது. ‘அட்டையைத் தொடுவதில் நளினம்’ என்று எழுதிச் சான்றிதழ் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பிரசீதா. அவளுடைய சான்றிதழில் ‘பங்கேற்றார்’ என்று மட்டும்தான் இருந்தது. தங்கபாய் தன் சான்றிதழைப் பைக்குள் வைக்காமல், எழுத்து தெரிய மடியில் வைத்துக்கொண்டு பாறசாலை வரை வந்தாள்.

கரும்பலகைக்கு விடை கொடுக்கும் சடங்கும் உண்டு. மையத்திலிருந்து மலர்வளையம் வந்தது. பிள்ளைகள் தலைகுனிந்து நிற்க, ஜெயதாஸ் சார் இரங்கல் உரை வாசித்தார். செண்டை கொட்ட, கரும்பலகையை நாலு பேர் தோளில் தூக்கி வேனில் ஏற்றினார்கள். வழியில் போன ஒருவர் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். தங்கபாய்க்குக் கொஞ்சம் கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் அதே வேனிலிருந்து, பிளக் பாயிண்டுக்கான அனுமதியோடு, போர்டு இறங்கியது. அது பிரசீதாவின் போர்டைவிட ஒரு சாண் பெரியது.

பிரசீதா வந்து பார்த்தாள். “கொள்ளாம் டீச்சரே. இது புதிய மாடலாக்கும் இல்லியா?” என்று மெச்சிக்கொண்டே விளிம்பைத் தடவினாள். குரலில் ஒரு சின்ன வறட்சி.

“சாரமில்ல பிரசீதே, உனக்குள்ளதும் நல்லதுதான்,” என்று ஆறுதல் சொன்னாள் தங்கபாய். அன்று மோர் தேவைப்படவில்லை.

அந்தச் சாண் அகலத்தின் சுகம் ஓண விடுமுறை முடியும் வரை இருந்தது. விடுமுறை கழிந்து மனு வந்து, எல்லாப் போர்டுகளின் நெற்றியிலும் ஒரு கேமரா பொருத்தினார். பக்கத்தில் ஒரு விளக்கு. அதற்குப் பெயர் கவன மீட்டர். பிள்ளைகளின் முகம் போர்டைப் பார்த்து இருந்தால் பச்சை. முகம் விலகினால் மஞ்சள். ரொம்ப விலகினால் சிவப்பு.

“வகுப்பில் முதன்முறையாகக் கவனத்தை அளக்கிறோம்,” என்றார் மனு. “இதுவரை டீச்சர்கள் கண்ணால் பார்த்து அனுமானித்துக்கொண்டிருந்தார்கள்.”

முதல் வாரம் முழுவதும் தங்கபாய்க்கு மஞ்சள். போர்டு தமிழில்தான் பேசியது. அந்தத் தமிழை யார் எங்கிருந்து மொழிபெயர்த்தார்களோ தெரியவில்லை. “அன்புள்ள கற்பவரே, இப்போது நீங்கள் பீட்சாவைப் பின்னப்படுத்தலாம்,” என்று சொல்லும். பிள்ளைகள் உடனே, இதற்கு என்ன அர்த்தம் என்று டீச்சரின் முகத்தைப் பார்ப்பார்கள். மீட்டர் மஞ்சளாகும். அவள் விளக்கத் தொடங்குவாள். சிவப்பாகும்.

மையத்திலிருந்து அறிக்கை வந்தது. ஜெயதாஸ் சார் அதை வாசித்துக் காட்டும்போது அவளைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே நின்ற தென்னையைப் பார்த்தார்.

“நாலு பி-யில கவனத்தைக் குலைக்கிற ஒரு பொருளு போர்டுக்குப் பக்கத்தில அசைஞ்சிட்டு இருக்குண்ணு எழுதியிருக்காங்க டீச்சரே. அத எடுத்து மாத்தணுமாம்.”

“எந்தப் பொருளு சாறே? குடிவெள்ளப் பானையா?”

“பானை அசையாதில்லா,” என்றார் அவர், மிகவும் மெதுவாக.

அவள் வகுப்பின் பின்பக்கம் போய் நின்றாள். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மையத்திலிருந்து, அவளுக்கு வராந்தாவில் ஒரு ஸ்டூல் போடச் சொன்னார்கள். அங்கிருந்து ஜன்னல் வழியாக ஒரு பக்கத்து முகங்கள் தெரியும். திரையின் வெளிச்சம் நீலமாக அந்த முகங்களில் விழுந்துகொண்டிருக்கும். மீட்டர் பச்சையிலேயே நின்றது.

வாயு திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக. பிரசீதாவைப் பார்த்து எரிந்தபோது ஒரு சௌகரியம் இருந்தது: அவளுக்குச் சமையல் வராது, கையெழுத்து கோணல் என்று நினைத்து ஆறிக்கொள்ளலாம். இந்தப் போர்டிடம் என்ன குறை சொல்வது? அதற்குத் தொண்டை கட்டுவதில்லை. லீவு கேட்பதில்லை. தன் பிள்ளைகள் இன்னொருத்தியின் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதை வாசலில் நின்று பார்ப்பதுபோல் அவள் உட்கார்ந்திருந்தாள். இடைவேளையில் பிள்ளைகள் வெளியே வந்தால் மட்டும் தலைமுடியைச் சரிசெய்து கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவாள். அவர்கள் அவளைத் தாண்டி மூத்திரப்புரைக்கு ஓடுவார்கள்.

நவம்பரில் செய்தி வந்தது: துணைமாவட்டத்திலேயே கவனம் குலையாத வகுப்பு நாலு பி. டீச்சரின் தலையீடே இல்லாத கற்றலுக்காகத் தங்கபாய்க்குப் பொன்னாடை போர்த்த மையத்தின் இயக்குநர் நேரில் வருகிறார்.

இயக்குநர் பெரிய காரில் வந்தார். கூடவே மனுவும், கையில் டேப்லெட்டும். பிள்ளைகள் போர்டைப் பார்த்து உட்கார்ந்திருக்க, இயக்குநர் வகுப்பின் ஓரத்தில், கேமராவில் படாதபடி சுவரோடு ஒட்டி நின்று பேசினார்.

“பண்டு காலத்தில் குழந்தைக்கும் அறிவுக்கும் நடுவில் ஒரு டீச்சர் நின்றார். அவரைச் சுற்றிப் போய்த்தான் குழந்தை அறிவைத் தொட வேண்டியிருந்தது. நாங்கள் வழியைச் சுத்தம் செய்திருக்கிறோம். சிலர் கேட்கிறார்கள், குழந்தை என்ன படித்தது என்று. அதை நாங்கள் அளப்பதில்லை. அது ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அறிக்கையில் அடங்காது. எங்கே பார்த்தது என்பதை அளக்கிறோம். அது விஞ்ஞானம். இந்த வகுப்பில் தொண்ணூற்றொன்பது சதவீதம் பார்த்திருக்கிறார்கள். மீதி ஒரு சதவீதம், கண் இமைத்தது. அதற்கும் வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.”

ஜெயதாஸ் சார் கை தட்டினார். தங்கபாய் வராந்தாவில் பொன்னாடையை எதிர்பார்த்து நின்றாள். உள்ளே கூப்பிட்டால் மீட்டர் மாறிவிடும் என்பதால், அதை ஜன்னல் வழியாகக் கொடுப்பதாக ஏற்பாடு.

போர்டு பாடத்தைத் தொடங்கியது. “அன்புள்ள கற்பவரே, பீட்சா எட்டாகப் பின்னப்பட்டது. நீங்கள் அதில் இரண்டை நுகர்ந்தீர்கள். எஞ்சிய முழுமை என்ன பின்னம்?”

ஷிஜின் எழுந்து நின்றான். திரையைப் பார்த்தே பணிவாகக் கேட்டான்: “எனக்கு மனசிலாவல்ல. நுகர்ந்தேன்ணா எந்தா?”

“மிக நன்று,” என்றது போர்டு. “நீங்கள் முன்னேறுகிறீர்கள்.”

 போர்டுக்குக் காது இல்லை என்பது பையனுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். கழுத்து மெதுவாகத் திரும்பியது. “டீச்சரே,” என்றான், ஜன்னலைப் பார்த்து.

மீட்டர் மஞ்சளானது. “மோனே, திரும்பாதே,” என்றார் மனு அவசரமாக. “போர்டைப் பார். உள்ளதெல்லாம் அங்கே உண்டு.”

தங்கபாய் எதையும் திட்டமிடவில்லை. அவளைக் கூப்பிட்டிருந்தான், அவள் போனாள். மாதக்கணக்கில் உள்ளே எடுத்து வைக்காத பாதங்கள் வாசலைத் தாண்டின. போர்டுப் பக்கம் போனால் தகராறு என்பதால், பின்சுவரை ஒட்டி, எல்லாருக்கும் பின்னால் போய் நின்றாள்.

“எலே ஷிஜினே. அப்பன் வள்ளத்தில ஒரு சூரை மீனு கொண்டு வந்தாச்சு. எட்டு துண்டம் போட்டாச்சு. நீ ரெண்டு தின்னாச்சு. சட்டியில மிச்சம் எவ்வளவு?”

“ஆறு துண்டம்.”

“எட்டில ஆறு. அத நாலாளுக்குச் சமமா வச்சா?”

“ஆளுக்கு ஒண்ணரை,” என்றான் ஷிஜின். “ஆனா தலை ஆருக்கு டீச்சரே?”

வகுப்பு முழுவதும் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. தலை யாருக்கு என்பது சாதாரணக் கேள்வி இல்லை. தலைக்குப் பதில் இரண்டு வால் துண்டம் என்றது ஒரு கட்சி, தலையையே நாலாக்கலாம் என்றது இன்னொரு கட்சி. பின்னத்தைக் கூட்டினார்கள், கழித்தார்கள், சண்டை போட்டார்கள். ஒரு முகம்கூடப் போர்டைப் பார்த்து இல்லை. அத்தனை கண்களும் தன்மேல் இருப்பதைத் தங்கபாய் உணர்ந்தாள். அது அன்பா கர்வமா என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் போர்டை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஜெயித்தவளின் பார்வை அது.

கேமராவுக்குத் தெரிந்தது வெறும் பின்தலைகள்; டீச்சரின் முகத்தை அது கணக்கில் எடுப்பதே இல்லை. பின்தலையை முகமாகக் கொள்ள அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. மீட்டர் சிவப்புக்குப் போய், பிறகு அணைந்தது. “இவ்வகுப்பில் எவரும் இல்லை,” என்றது போர்டு. “ஆற்றலைச் சேமிக்கிறேன்.” திரை கறுத்தது.

இயக்குநர் டேப்லெட்டைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். மறுபடி டேப்லெட்டை நெடுநேரம் பார்த்தார்.

“மிஸ்டர் மனு, இங்கே குழந்தைகளே இல்லையே.”

“சிஸ்டத்தில் இல்லை சார்,” என்றார் மனு.

“அப்புறம் நாம் ஏன் இங்கே நிற்கிறோம்?”

தலை எனக்குத்தான் என்று ஒருவன் கத்திய சத்தத்துக்கு நடுவே அவர்கள் வெளியேறினார்கள். பொன்னாடை காரிலேயே திரும்பிப் போனது.

அடுத்த வாரம் ஆணை வந்தது: புன்னவிளை பள்ளியில் நாலாம் வகுப்பு பி என்று ஒன்று செயல்படவில்லை, எனவே அங்குள்ள போர்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டு போனார்கள். கரும்பலகை திரும்பி வரவில்லை. விமுக்தமான துணைமாவட்டத்தில் கரும்பலகை இருக்க முடியாது.

ஜெயதாஸ் சார் நடுங்கிப்போனார். “கிளாசு இல்லேண்ணா டீச்சருக்குச் சம்பளம் எப்பிடி?” என்று தலை எண்ணும் ஆபீசுக்கு ஓடினார். அவர்களுக்கு இந்த ஆணை பற்றி ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் கணக்கில் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள், டீச்சரும் இருந்தாள். இரண்டு ஆபீசும் ஒரே மாடியில்தான், ஆனால் ஒன்றுக்கொன்று கடிதம் போடும் வழக்கமில்லை. ஆக, ஒரு ஆபீசில் இருந்துகொண்டும் இன்னொன்றில் இல்லாமலும் நாலு பி நடந்தது. யாரும் பரிசோதிக்க வரவில்லை. இல்லாத வகுப்புக்கு எப்படி வருவார்கள்?

தங்கபாய் தட்டியின் தன் பக்கத்துப் பலகையில் கறுப்புப் பெயிண்ட் அடித்து எழுதத் தொடங்கினாள். பவுலா ஒரு நாள் வந்து, “பையன் வீட்டில மீன் வெட்டுனா ஒடனே பின்னமாக்கும் பேசுதான்,” என்று சலித்துக்கொண்டு, டெல்னாவையும் இங்கேயே சேர்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

டிசம்பர் பரீட்சைக்கு முந்தின வாரம், மதியச் சோறு கழிந்த நேரம், பிரசீதா வந்தாள். கண் சிவந்திருந்தது. அவளும் இப்போது வராந்தா ஸ்டூலில்தான். அவளுடைய போர்டு பச்சையாகவே இருந்தது.

“டீச்சரே,” என்றாள் மெதுவாக. “நிங்களுக்க கிளாசு இல்லாமப் போனது எப்பிடியாக்கும்? எனக்கும் ஒண்ணு இல்லாமப் போகணும். ஆருட்ட கேக்கணும்?”

தங்கபாய் சாக்பீஸைக் கீழே வைத்தாள். கேட்கக் காத்திருந்த ஒரு பாட்டைக் கேட்பதுபோல் அந்தக் குரலைக் கேட்டாள். அதில் இருந்தது அசல் பொறாமை, கலப்பில்லாதது. அதைத் தண்ணீர்போல் கொஞ்சம் அருந்திவிட்டு, “அது எளுப்பமில்ல பிரசீதே. அதுக்கு ஒரு யோக்கியதை வேணும்,” என்றாள்.

பிரசீதா திரும்பி நடந்தாள். முந்தானை தோளிலிருந்து நழுவித் தரையில் இழுபட்டதைக்கூட அவள் கவனிக்கவில்லை. தங்கபாய்க்கு அது தாங்கவில்லை.

“ஏய், நில்லு. பிள்ளைகள எல்லாம் கூட்டிட்டு இங்க வா. ஒரு மணிக்கூறு அந்தப் போர்டு சும்மா கெடக்கட்டும்.”

அவர்கள் வந்தார்கள். ஒரு பெஞ்சில் இரண்டு பெஞ்சுப் பிள்ளைகள். பிரசீதாவுக்கு இத்தனை நாள் பேசாமலிருந்த பேச்சு முழுவதும் ஒன்றாக வந்தது. நிலா எப்படித் தேய்கிறது என்று காட்ட ஒரு பிள்ளையைச் சூரியனாக்கினாள், ஒருத்தியைப் பூமியாக்கினாள், தான் நிலாவாகி மேசையைச் சுற்றி ஓடிக் காலில் இடித்துக்கொண்டு விழுந்தாள். பாதி மலையாளம், பாதி தமிழ். வகுப்பு கூரை அதிரச் சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் ஷிஜின். கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தங்கபாய்க்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிந்தது. ஒரு மனுஷியின்மேல் அப்படி எரிந்து ரொம்ப நாளாகியிருந்தது. அது ஒருவகையில் சுகமாகக்கூட இருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“மதி, போதும் பிரசீதே,” என்றாள். “நீ அங்கோட்டு நீங்கி இரி. இனி நிலாவ நான் காட்டுதேன்.”